ஐந்து கோழியும் ஒரு மாப்பிள்ளையும்

ஜூன் 8, ஞாயிறு

கோவில்பட்டியைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தோம். லோடு ஆட்டோவில் பீரோ, கட்டில், கிரைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய மூங்கில் கூடையில் என் ஐந்து கோழிகள். வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தன. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

என் மனைவி ஆவுடைச்செல்விக்கு இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக மாற்றல். இது அவள் பிறந்த வீடு. மாமாவும் அத்தையும் மட்டும் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கிடைக்கும் வரை இங்கே தங்குகிறோம். ‘கிடைக்கும் வரை’ என்பதை அடிக்கோடிடுகிறேன்.

கோவில்பட்டியில் நான் நடத்திவந்த கணக்கு டியூஷனை மூட வேண்டியதாயிற்று. கட்டடக்காரருக்கு இடம் தேவைப்பட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை.

போன வாரமே போனில் அத்தைக்குச் சேதி சொல்லியிருந்தேன், இனிமேல் முட்டை வாங்க வேண்டாம், தினம் நாலு உறுதி என்று.

ஜூன் 9, திங்கள்

முட்டை இல்லை. பயணக் களைப்பு.

ஜூன் 10, செவ்வாய்

இல்லை. ‘முட்டை: 0’ என்று எழுதிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் கண்ணுக்கு அந்த 0 வேறு முட்டை மாதிரியே தெரிகிறது. பதினான்கு வருடமாக எத்தனையோ பிள்ளைகளின் தாளில் முட்டை போட்டிருக்கிறேன். என் கோழிகளுக்கு அது வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாமா சிவனணைந்த பெருமாள் பஞ்சாலையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சரியாக ஆறு மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வருகிறார்.

“என்ன மாப்ளை, போட்டுச்சா?”

“இன்னும் இல்ல மாமா.”

“சரி சரி. புது எடம்லா.”

கடைக்குப் போகும் வழியில் எதிர்வீட்டுக்காரர் நிறுத்தி, “என்ன மாப்ளை, ஒண்ணும் ஆரம்பிக்கலையா?” என்றார். இரண்டொரு நாளில் ஆரம்பித்துவிடும், கோழிகள் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன என்றேன். ஏனோ ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தை பிரமாச்சிக்கு மருமகனோடு நேரே பேசுகிற பழக்கம் இல்லை. அது இந்தப் பக்கத்து மரியாதை என்று செல்வி சொல்கிறாள். சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ அம்மியிடமோ சொல்வார். இப்போது கோழிகளிடம் சொல்கிறார்.

இன்று காலை நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து குரல் கேட்டது.

“ஏட்டி, மூணு வேளையும் நல்லாத் தின்னுட்டு இப்படி நிழல்ல உக்காந்திருந்தா எப்படி? ஒடம்பு வளையண்டாமா? பொழுது போய்ட்டே இருக்கு பாத்துக்கோ.”

அத்தைக்குக் கோழிகள் மேல் இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இதுவரை செய்தவை: கூட்டைக் கிணற்றடியிலிருந்து முருங்கை மரத்தடிக்கு மாற்றினேன். அங்கே வெயில் போதவில்லை என்று மாடிப்படிக்குக் கீழே மாற்றினேன். அங்கே காற்று இல்லை என்று மறுபடி கிணற்றடிக்குக் கொண்டுவந்தேன். வைக்கோலை எடுத்துவிட்டு உமி போட்டேன். உமியை எடுத்துவிட்டுச் செல்வியின் பழைய நூல் சேலையைப் போட்டேன். கம்பை நிறுத்திக் கம்பெனித் தீவனம் கொடுத்தேன். கருப்பிக்குப் பிடிக்கவில்லை. ஐந்தில் அவள்தான் தலைவி. அவள் தின்னாவிட்டால் மற்றவையும் தின்னாது. திரும்பவும் கம்பு.

இன்று மட்டும் பதினாறு முறை கூட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

கருப்பியைக் கட்டைப்பையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மாவுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒண்ணுமில்ல சார். இடம் மாறினா கோழி முட்டைய நிறுத்திரும். பயம்தான். மூணு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்” என்றார்.

நான் செய்ததையெல்லாம் தேதி வாரியாக வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், வந்த இடத்துல மூணு தடவ வீட்ட மாத்தி, சாப்பாட்ட மாத்தி, ஒரு நாளைக்குப் பதினாறு தடவ கதவத் திறந்து ‘ஆச்சா, ஆச்சா’ன்னு பாத்தா யாருக்குத்தான் ஆகும்? உங்கள ஒரு புது வீட்ல கொண்டு விட்டு தெனமும் நாலு பேரு வந்து கேட்டா உங்களுக்கு ஒரு வேலை ஓடுமா?”

“ஓடாது மேடம்” என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆலோசனைகள்: தொந்தரவு செய்யக் கூடாது. இருட்டான, அமைதியான மூலை ஒன்று வேண்டும். கூட்டில் ஒரு முட்டையை வைத்துவிட்டால், போட வேண்டிய இடம் இதுதான் என்று கோழி புரிந்துகொள்ளும்.

ஜூலை 1, செவ்வாய்

செல்வி கேட்டாள், “போர்டு எழுதக் குடுத்தீங்களா?”

இங்கே ஆரம்பிக்கப்போகும் டியூஷனுக்கான போர்டைச் சொல்கிறாள். எந்த எழுத்து வடிவம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

“போன மாசம் கலர் முடிவு பண்ணலன்னீங்க.”

“கலர் முடிவாயிருச்சு. நீலம்.”

அவள் டியூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

ஆபத்து. ஆகஸ்ட் 5, ஆடிச் செவ்வாய்க்கிழமை, தெருவில் அம்மன் கோயில் கொடை விழா. சொந்தக்காரர்கள் முப்பது பேராவது சாப்பிட வருவார்களாம். அத்தை இன்று கூட்டுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோழியாக நிதானமாகப் பார்த்தார்.

“கொடை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள போட்டா பொழச்ச. இல்லன்னா விருந்துக்கு மசாலா அரச்சிருவேன். பெறவு என்னயக் குத்தம் சொல்லப்படாது.”

கருப்பி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வியர்த்தது.

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மா சொன்னபடி, மேலத்தெருவில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று வாங்கி, சட்டைப்பையில் போட்டு வந்து, கூட்டில் வைத்தேன். இது முழுக்க மருத்துவ ஆலோசனை. பத்து நிமிடம் கழித்து அதையே எடுத்துக்கொண்டு “போட்டுருச்சு!” என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடியது மட்டும் என்னுடைய சேர்ப்பு.

மாமா கட்டிப்பிடித்துக்கொண்டார். செல்வி லீவு நாள் மாதிரி சிரித்தாள். அத்தை முட்டையை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்து, கிண்ணத்தில் வைத்தார். எதுவும் பேசவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருப்பார்.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்று வைத்தேன். எடுக்கப் போனபோது இரண்டு இருந்தன! கடைசியில் ஒருத்தி நிஜமாகவே போட்டுவிட்டாள். கருப்பியைத் தூக்கிக் கொஞ்சினேன். கையில் கொத்தினாள்.

ஜூலை 16, புதன்

நம்பிக்கை வந்துவிட்டதால் இன்று மூன்று வைத்தேன். போய்ப் பார்த்தால் ஆறு. ஐந்து கோழி, ஆறு முட்டை. கணக்கு இடிக்கிறது. ஆனால் மாமா, “நம்ம ஊரு தாமிரவருணித் தண்ணி அப்படி மாப்ளை” என்றார். அவரும் சந்தோஷமாக இருந்தார். நான் மேற்கொண்டு கணக்குப் பார்க்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இந்த நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று ஆடி ஒன்று. காலையில் கூட்டிலிருந்து நான்கு முட்டை எடுத்துக் கொடுத்தேன். அத்தை எனக்கு ஆம்லெட் போட வாணலியை வைத்தார். முதல் முட்டையை விளிம்பில் தட்டினார். உடைந்தது. இரண்டாவதைத் தட்டினார். உடையவில்லை. பலமாகத் தட்டினார். ஓடு மட்டும் நொறுங்கியது. உள்ளே இருந்து ஒன்றும் ஒழுகவில்லை. அத்தை நகத்தால் உரித்தார். வெள்ளையாக, வழவழப்பாக, முழுசாக ஓர் அவித்த முட்டை வந்தது.

அடுப்படியில் நான், செல்வி, மாமா மூவரும் நின்றிருந்தோம்.

அத்தை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். சுவரைப் பார்க்கவில்லை, அம்மியைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் முறையாக நேரே என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“மருமவனே, நானும் அம்பது வருசமா கோழி வளக்கேன். அவிச்ச முட்டை போடுத கோழிய இன்னைக்குத்தான் பாக்கேன். நாளைக்கு நல்லமொளகுப் பொடியும் உப்பும் தூவிப் போடச் சொல்லுங்க. எனக்கு வேலை மிச்சம்.”

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். மாமா துண்டை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஓட வழியில்லாமல் நான் அங்கேயே நின்றேன். அத்தை அந்த முட்டையை இரண்டாக நறுக்கி என் தட்டில் வைத்தார்.

நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஆனால் நான் அவித்த முட்டை வைக்கவில்லை. நான் வைத்தவை மூன்று, மூன்றும் பச்சை முட்டைகள். நேற்று முழுக்க இதே யோசனை. இன்று மாமா டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வைத்தார்.

“மாப்ளை, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

தட்டுக்கடையில் போய் முட்டை கேட்டிருக்கிறார். திங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்த கடைக்காரர், ஓட்டோடு அவித்து வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார்.

“வெதுவெதுன்னு இருந்துச்சு மாப்ளை. இப்பதான் போட்ட மாதிரியே இருக்கேன்னு ஆசையா வாங்கிட்டேன்.”

“அப்ப செவ்வாய்க்கிழமை ரெண்டாவது முட்டை?”

“நாந்தான்.”

“புதன்கிழமை மூணு?”

“அதுவும் நாந்தான். நீங்க ஒண்ணு கொண்டுவந்து குடுத்ததும் ஒங்க முகம் இருந்த இருப்பப் பாத்தேன். நாளைக்கு இல்லாமப் போச்சுன்னா மனசு விட்டுப்போவுமேன்னு…” டீயை ஊதினார். “நானும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவந்தானே. இது அவ அப்பா கட்டுன வீடு. வந்து ஏழு மாசம் எனக்கு வேலை கெடைக்கல. அப்பம்லாம் ஒங்க அத்தை ஆட்டொரல்கிட்ட பேசுவா.”

“என்ன பேசுவாங்க?”

“‘ஒரே எடத்துல குழிஞ்சு உக்காந்திருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்லையா’ன்னு.”

நான் டீயைக் கீழே வைத்தேன். ஜூன் 15-ஆம் தேதிக் குறிப்பு நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு இட்லியும் நினைவுக்கு வந்தன.

பிறகு நானும் ஒன்றைச் சொன்னேன். கட்டடக்காரருக்கு இடம் தேவைப்படவில்லை. எதிரே ஏ.சி. போட்ட கோச்சிங் சென்டர் வந்தது. அறுபது பேர் முப்பதாகி, முப்பது ஏழாகி, கடைசி நாள் இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவள். மறுபடியும் ஒரு காலி அறையில் சாக்பீஸோடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மாமா கேட்டுவிட்டு, “ரெண்டு வடை குடுப்பா” என்று கடைக்காரரிடம் சொன்னார். வடை வந்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம்.

ஜூலை 19, சனி

செல்வியிடமும் சொன்னேன். “தெரியும்” என்றாள். குடை சமாச்சாரம் உட்பட. குடைக்காரப் பிள்ளையின் அம்மா அப்போதே அவளிடம் சொல்லிவிட்டாளாம்.

“பெறகு ஏன் நீ கேக்கல?”

“கேட்டா நீங்க கூட்ட இன்னொரு தடவ மாத்தி வச்சிருப்பீங்க.”

ஜூலை 21, திங்கள்

அவித்த முட்டைக் கதை சுகாதார நிலையம் வரைக்கும் போய்விட்டது. போகவில்லை, செல்விதான் கொண்டுபோயிருக்கிறாள். சாயங்காலம் அங்கே வேலை பார்க்கும் தங்கபுஷ்பம் கோழியைப் பார்க்கவே வந்துவிட்டார். முப்பத்தெட்டு வயது. குரூப் ஃபோர் பரீட்சைக்கு மூன்றாவது முறை படிக்கிறார். பையில் கைடு நீட்டிக்கொண்டிருந்தது.

“எந்தக் கோழி சார், பொரிச்ச முட்டை போடுதது?”

“அவிச்சது.”

கருப்பியைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கைடு கீழே விழுந்து திறந்துகொண்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவன் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு பேர் பதினைந்து நாளில் முடிக்கும் வேலையை ஒன்பது பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? அவர் பென்சிலில் பதினொன்றே கால் என்று எழுதியிருந்தார்.

பார்க்காத மாதிரி கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கை கொடுக்கவில்லை.

“ஆள் குறைஞ்சா நாள் கூடுமா, குறையுமா?”

“கொறையு… இல்ல, கூடும். அட, ஆமா! ஆளு கொறஞ்சா எப்படி சீக்கிரம் முடியும்?”

முருங்கைக் குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் எழுதிக் காட்டினேன். இருபது நாள். அடுத்த கணக்கையும் காட்டினார். அதற்கடுத்ததையும். இருட்டிய பிறகுதான் இரண்டு பேரும் நிமிர்ந்தோம். கூட்டை இன்று ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

தங்கபுஷ்பம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒருவர் கோழியைப் பார்க்கக்கூட இல்லை, நேரே கைடைத்தான் திறந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

நான்கு பேர். சதவீதம் முடிந்தது. வட்டிக்குப் பயப்படுகிறார்கள். கோழிகள் பகலெல்லாம் அவிழ்ந்து திரிகின்றன. எங்கே போகின்றன என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை கொடை. காலையிலிருந்து கருப்பியைக் காணவில்லை. நாலு வீட்டுக் கொல்லை, வாய்க்கால் கரை எல்லாம் தேடிவிட்டு வந்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அத்தையிடம் நேரே போனேன்.

“அத்தை, மத்த நாலும் நான் கொண்டுவந்ததுதான். போடலன்னாலும் பரவால்ல. வெட்ட வேண்டாம். விருந்துக்குக் கறி நான் வாங்கியாறேன்.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாங்க” என்று முன்னால் நடந்தார்.

இந்த வீட்டின் நடுவே அரங்கு என்று ஓர் அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நெல்லும் பாத்திரமும் போட்டு வைக்கும் இடம். அத்தையைத் தவிர யாரும் போவதில்லை. அத்தை விளக்கைப் போடாமல் டார்ச் அடித்தார். நெல் குதிருக்குப் பின்னால், கிழிந்த சாக்கின் மேல், கருப்பி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் உறுமினாள்.

“பதினோரு நாளா இங்கதான் வந்து போடுதா. அவளப் பாத்து வெள்ளச்சியும் வாரா.” அத்தை மேலே இருந்த பித்தளைப் பானையை இறக்கிக் காட்டினார். தவிட்டுக்குள் வரிசையாகப் பதினான்கு முட்டைகள்.

“பதினோரு நாளாவா? ஏன் அத்தை சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? ஒங்க மாமா இன்னைக்குக் காலையிலயும் வேட்டி மடிப்புல முட்டைய வச்சிக்கிட்டு கூட்டுப் பக்கம் பூனை மாதிரி போறாரு. அவருக்கு இந்த அறுவத்தஞ்சு வயசுல வேற என்ன வெளையாட்டு இருக்கு?”

“அப்ப மசாலா அரைக்கிறேன்னு சொன்னது?”

“கோழிகிட்டத்தான சொன்னேன். அது ஒண்ணும் பயப்படல. நீங்கதான் கடைக்கு ஓடுனிய.”

அரங்கை விட்டு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும். சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொடை. முப்பத்தாறு பேர். ஆட்டுக்கறி. எல்லோருக்கும் நான்தான் பரிமாறினேன். ஒருவர்கூட, ஒன்றும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்கவில்லை. இரண்டு பேர் எந்த நேரத்தில் வகுப்பு என்று கேட்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏழு பேர். கொல்லையில் சிமென்ட் தரையில் பாய் விரித்து நடக்கிறது. ஏழு என்றதும் நெஞ்சில் லேசாக ஒரு பயம் வந்தது, கோவில்பட்டியிலும் ஏழான பிறகுதான் மூட வேண்டி வந்தது என்று. அங்கே அறுபதிலிருந்து இறங்கி வந்த ஏழு. இது ஒன்றிலிருந்து ஏறி வந்த ஏழு. எண் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றில்லை.

இன்று ‘காலமும் வேலையும்’ கடைசிப் பாடம். சாக்பீஸால் தரையில் எழுதினேன்: ஐந்து கோழிகள் ஐந்து நாளில் ஐந்து முட்டைகள் போட்டால், நூறு கோழிகள் நூறு முட்டைகள் போட எத்தனை நாள் ஆகும்?

இரண்டு பேர் நூறு என்றார்கள். தங்கபுஷ்பம் விரலை மடக்கி யோசித்து ஐந்து என்றார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அடுப்படி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிராமலே கேட்டார்.

“வீடு மாறுன கோழியா, மாறாத கோழியா?”

“கேள்வியில அது குடுக்கல அத்தை.”

“அதச் சொல்லாம இந்தப் பிள்ளைக எப்படிக் கணக்குப் போடும்? நீங்களே சொல்லுங்க.”

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினான்கு வருடமாக இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படி ஓர் ஓட்டையை யாரும் காட்டியதில்லை. விடை: ஐந்து நாள் என்று எழுதினேன். அதன் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘வீடு மாறாதவை எனில்’ என்று சேர்த்தேன்.

எல்லோரும் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.